கண்டியில் சைக்கிள் உழக்குவது

கண்டியில் சமதரையாக ஒரு வீதி இருக்கிறதென்றால் அது வாவியைச் சுற்றிப் போகிற வீதிதான். மற்றதெல்லாம் ஒன்றில் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் பிறேக் போகும். அதனால்தான் இந்த ஊரில் சைக்கிளில் போகிறவர்களைக் காண்பது அபூர்வம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் சிநேகிதி முதல் வருசம் கண்டி ரவுணுக்குள் இறங்கியவுடன் கேட்ட முதல் கேள்வியே, "இஞ்ச ஒருத்தரும் சைக்கிள் ஓடுறேல்லையே?" என்பதுதான். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவள். ரியூசனுக்கும் சைக்கிள், கோயிலுக்கும் சைக்கிள், செத்த வீட்டுக்கும் சைக்கிள். சைக்கிள் இல்லாத ஊர் அவளுக்கு நாய் இல்லாத ஊர் மாதிரி இருந்திருக்கவேண்டும்.

எங்களுக்குச் சைக்கிள் கிடைத்தது 2022 இன் புண்ணியத்தில். அந்த வருசத்தைப் பற்றி இதை வாசிக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நின்றது. பஸ் ஓடவில்லை. சைக்கிள் விலை மூச்சைப் பிடிக்க வைத்தது. அப்படியிருந்தும் சனம் வாங்கியது. பேராதனையிலும் சீனியர்மார் கடன்பட்டும் பங்கு போட்டும் வாங்கினார்கள். ஓகஸ்ட்டில் கியூஆர் முறை வந்து வரிசை குறையத் தொடங்கியதும், அவ்வளவு சைக்கிளும் ஹொஸ்டல் சுவர்களில் சாய்ந்துவிட்டன. நாங்கள் கம்பஸுக்கு வந்தபோது அவை துருப்பிடித்து, ரயர் வெடித்து, சீற்றில் பாசி பிடித்து நின்றன. பட்டம் முடித்துப் போன அண்ணாமாரும் அக்காமாரும் "எடுத்துக்கொள்ளுங்கோ" என்று விட்டுப் போனவை நான்கு எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு லுமாலா. கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள். பதினெட்டுக் கியரில் மூன்று மட்டும் வேலை செய்கிற இரண்டு மவுண்டன் சைக்கிள்.

நாங்களும் நான்கு பேர். யாழ்ப்பாணத்தி ஒருத்தி, காத்தான்குடிக்காரன் ஒருவன், வவுனியாக்காரன் ஒருவன், புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள் ஒருத்தி. எல்லாரும் கலைப்பீடம், ஒரே பட்ச். இதில் மூன்று பேருக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். புசல்லாவைக்காரிக்குத் தெரியாது.

அது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. மலையகத்தில் பிறந்தவளுக்கு மலைவீதியில் சைக்கிள் ஓடத் தெரிந்திருக்கும் என்று ஏதோ ஒரு மடத்தனமான எண்ணம். அவள் சிரித்தாள்.

"எங்க லயத்துல சைக்கிள வச்சி என்னா செய்யிறது? கீழ போறதுக்கு பிறேக்கு வேணும், மேல வர்றதுக்கு ஆளு வேணும்."

அவள் சொல்லச் சொல்லத்தான் யோசித்தோம். லயத்து வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே படிக்கட்டும் கொங்கிறீற்றுப் பாதையும் குறுக்கு வழிகளும். அவளுடைய தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், பால் எடுக்க வருகிறவர். அவரும் பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் வருவாராம். சைக்கிள் ஓடுவது சமவெளிப் பிள்ளைகளின் கல்வி. மலையில் பிறந்த பிள்ளை அந்தப் பாடத்தைப் படிக்காமலே வளர்ந்து, பிறகு வேலைக்கென்று கொழும்புக்குப் போகும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கப்படுகிறது. அவளுடைய அண்ணனிடம் வெள்ளவத்தையில் ஒரு கடை முதலாளி அப்படிக் கேட்டாராம். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கச் சைக்கிள் ஓடத் தெரியாததால் அந்த வேலை கிடைக்கவில்லை.

"நான் பழகுறேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தி வாத்தியார் ஆனாள். எல்லாரும் பழக்குகிறமாதிரி கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, "பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன்" என்று பொய் சொல்லிக் கையை விடுகிற முறை அவளுக்குப் பிடிக்காது. அவளை அப்படிப் பழக்கியதில் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் செய்தது வேறு. கூடைச் சைக்கிளின் சீற்றை அடியோடு இறக்கினாள். இரண்டு பெடலையும் கழற்றினாள். இடது பெடலைக் கழற்றத்தான் அரை மணித்தியாலம் போனது. இடப்பக்கத்து மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, வவுனியாக்காரன் ஸ்பனரில் தொங்காத குறையாக அதை இன்னும் இறுக்கிவிட்டிருந்தான். பெடல் இல்லாத சைக்கிளில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் நிலத்தை உதைத்து உதைத்துப் போகவேண்டும். பிறகு காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் உருள்கிறதோ அவ்வளவு தூரம். சமநிலை வந்த பிறகு பெடல். ஜிம்முக்குப் பக்கத்து மைதானத்தில் நான்கு பின்னேரம். ஐந்தாவது பின்னேரம் பெடலைப் பூட்டினோம், ஏறினாள், ஓடினாள். எங்களுக்கே ஏமாற்றமாக இருந்தது, ஒரு தரம்கூட விழவில்லை.

கம்பஸுக்குள் ஓடிப் பழகினாலும் வீதி வேறு. அதற்குத்தான் வாவிக்கரை.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்குப் பேராதனையிலிருந்து வெளிக்கிட்டால், கெட்டம்பே தாண்டி, வில்லியம் கோபல்லாவ மாவத்தையால் கண்டிக்கு வர ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். அந்த நேரத்தில் தூர பஸ்கள் மட்டும்தான். குட்ஷெட் பஸ் நிலையத்தடியில் கொஞ்சம் இறங்கி உருட்டவேண்டும், அங்கே எந்த நேரத்திலும் பஸ்கள் பின்பக்கமாக வரும். பிறகு வாவி. தென்கரையால் போகிற சங்கராஜ மாவத்தையில் மரநிழல். மல்வத்தை விகாரைக்கு வெள்ளை உடுப்போடு நடந்து போகிறவர்கள். நீர்க்காகங்கள் மரக்கிளைகளில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு இருக்கும். கிளைக்குக் கீழே நிறுத்தக்கூடாது, ஏன் என்று போய்ப் பார்த்தால் தெரியும். வாவியின் சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

காத்தான்குடிக்காரனுக்கு இதை வாவி என்று சொல்வதே பிடிக்காது. "வாவி எண்டா மட்டக்களப்பு வாவி. இது குளம்பா," என்பான். ஒருவகையில் சரிதான். இது இயற்கையாக வந்த நீர்நிலை இல்லை. வயல்வெளியாகக் கிடந்த இடத்தில் அணை கட்டி 1807 இல் இதை வெட்டத் தொடங்கியவர் கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். கரையோரமாகப் போகிற அலை அலையான வெள்ளைச் சுவரை வலாகுலு பெம்ம என்பார்கள், முகில் சுவர். அது முடியவில்லை. முடிவதற்குள் 1815 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து அரசனைச் சிறையெடுத்தார்கள். பிறகு வேலூருக்கு நாடுகடத்தினார்கள். அங்கேயே 1832 இல் இறந்தார். சிங்களத்தில் இந்த வாவிக்குக் கிரி முஹுத என்று பெயர், பாற்கடல். ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் சனத்தைப் பிடித்து வேலை வாங்கிக் கட்டிய பாற்கடல். அழகான இடங்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது, நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

சைக்கிளில் வந்த பிறகுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது. வாவியை வாகனத்தில் முழு வட்டமாகச் சுற்ற முடியாது. தலதா மாளிகைக்கு முன்னால் வீதி மூடியிருக்கிறது. 1998 ஜனவரி 25 விடியற்காலை விடுதலைப் புலிகள் மாளிகை வாசலில் வெடிமருந்து லொறியை வெடிக்க வைத்தார்கள். ஆட்கள் செத்தார்கள், மாளிகை சேதமானது. அன்றைக்குப் பிறகு அந்தப் பகுதி வாகனங்களுக்கு இல்லை. எங்கள் நான்கு பேரில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தடுப்பு வரைக்கும் போய், காலை ஊன்றி, சைக்கிளைத் திருப்பி, வந்த கரையாலேயே திரும்புகிறோம். வட்டமாக இருக்கவேண்டிய சுற்று எங்களுக்கு லாடமாகத்தான் கிடைத்தது.

தடுப்படியில் நிற்கிற பொலிஸ்காரர் ஒருவர் மூன்றாவது ஞாயிறு எங்களைக் கூப்பிட்டார். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கம்பஸ் என்றோம். ஊர்? யாழ்ப்பாணத்தி தன் சிங்களத்தில் "யாப்பனய" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எங்கள் வயிறு சும்மா இருக்கவில்லை, அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிற மௌனத்தின் நீளத்தை அளக்க எங்களுக்கு வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். பிறகு அவர் சொன்னார், தன்னுடைய ஊர் பொலன்னறுவை, மகளும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள், இங்கே வந்து ஆறு வருசமாகிறது, சைக்கிள் ஓடுகிற பொம்பிளைப் பிள்ளைகளை இப்போதுதான் காண்கிறார். புசல்லாவைக்காரியைப் பார்த்து, "நங்கி, சீற் கொஞ்சம் உயர்த்தவேணும், முழங்கால் நோகும்," என்றார். அவர் சொன்னது சரி. அவள் பயத்தில் சீற்றை உயர்த்த விடவே இல்லை. அன்றைக்கு இரண்டு அங்குலம் உயர்த்தினோம்.

பார்ப்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஓடினால் கண்டியில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஓடினால் ஒட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பார், பஸ் ஜன்னலிலிருந்து யாராவது கத்துவார். யாழ்ப்பாணத்திக்கு இது அவமானமாகவே படவில்லை, ஆச்சரியமாக இருந்தது. "என்னத்தப் பாக்கினம்? சைக்கிள்தானே?" அவளுடைய அம்மம்மா கரியரில் நெல்மூட்டை கட்டிக்கொண்டு ஓடியவ. போர்க்காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் இயங்கியது, ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோனதும் அதில்தான். அவள் வீட்டில் சைக்கிள் ஒரு பொழுதுபோக்கு இல்லை. கியர் சைக்கிளும் ஹெல்மெற்றும் மின்னுகிற சட்டையும் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற கொழும்புக் குழுக்களைக் கண்டால் அவள் ஒருவிதமாகச் சிரிப்பாள். எங்களுக்கு அவர்களில் கோபமில்லை. ஹெல்மெற் விசயத்தில் அவர்கள்தான் சரி.

மே மாதக் கடைசியில் தெல்தெனியாவுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். சொன்னது காத்தான்குடிக்காரன். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றான். கண்டியிலிருந்து தெல்தெனியா இருபத்து நான்கு, ஐந்து கிலோமீட்டர் இருக்கும், பேராதனையிலிருந்து முப்பது. மகியங்கனை வீதி. வாவியின் கிழக்குமுனையைத் தாண்டியதும் தென்னக்கும்புற வரைக்கும் நல்ல இறக்கம். அங்கே மகாவலிப் பாலம். இந்த இறக்கத்தில்தான் நாங்கள் எல்லாரும் பிறேக் பிடிக்கப் பழகினோம். தொடர்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் கட்டை சூடாகும், தேயும். மழை ஈரத்தில் ரிம் வழுக்கும். விட்டு விட்டு, இரண்டையும் சேர்த்து, முன்னதை மெல்லமாக. லுமாலாவின் கம்பி பிறேக்குக்கு மழை என்றால் ஜன்மப் பகை, அதனால் லுமாலா எப்போதும் கடைசியாக இறங்கும், அதுதான் சட்டம்.

பாலம் தாண்டினால் வீதி இலகு. நத்தரம்பொத்த, குண்டசாலை, பல்லேகலை கிரிக்கெட் மைதானம், பலகொல்ல. மெல்லிய ஏற்ற இறக்கம், ஒரு கியரே போதும். புசல்லாவைக்காரி முன்னால் போனாள். அவளுக்கு ஏற்றம் ஒன்றுமே இல்லை. சின்னதிலிருந்து கொழுந்துமலைக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன கால். எங்களுக்கு நாக்குத் தள்ளுகிற இடத்திலெல்லாம் அவள் ஏறிப்போய் மேலே நின்று, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திகனவுக்குக் கிட்டே வந்ததும் காத்தான்குடிக்காரன் பேச்சை நிறுத்திவிட்டான்.

2018 மார்ச். வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்த பிறகு, திகனவிலும் தெல்தெனியாவிலும் தொடங்கிக் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். மார்ச் 6 அவசரகாலநிலை. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். எங்களுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. பேஸ்புக் வேலை செய்யாததுதான் எங்களில் சிலருக்கு அந்த வாரத்தின் ஞாபகம்.

அவனுக்கு அப்படியில்லை. அவனுடைய மாமாவின் கடை இந்த வீதியில் இருந்தது. பிடவைக் கடை. பள்ளிக்கூட லீவுக்கு வந்தால் மாமா மேசைக்குப் பின்னால் அவனை உட்காரவைத்துச் சில்லறை எண்ண விடுவாராம். அந்த மார்ச்சுக்குப் பிறகு மாமா திரும்பிக் கடை போடவில்லை. இப்போது காத்தான்குடியில் தம்பியின் கடையில் நிற்கிறார். உம்மா இன்றைக்கும் இந்த வீதியால் பஸ்ஸில் போனால் யன்னல் பக்கம் இருக்கமாட்டா. இதையெல்லாம் அவன் எங்களுக்கு இரண்டு வருசமாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகக் கிழக்குக்குப் போகிற பஸ் எத்தனை தரம் இதால் போயிருக்கும், அவன் எத்தனை தரம் அதில் ஊருக்குப் போயிருப்பான்.

அவன் சைக்கிளை மெதுவாக்கினான். பஸ்ஸில் போனால் திகன மூன்று நிமிசத்தில் முடிந்துவிடும். சைக்கிளில் அப்படி முடியாது. ஒவ்வொரு கடையின் பெயரும் தெரிகிறது, வாசலில் இருப்பவரின் முகம் தெரிகிறது. ஒரு இடத்தில் இறங்கினான். இப்போது அது போன் திருத்துகிற கடை. மேல்மாடி புதுசு. அவன் உள்ளே போனான். நாங்கள் வெளியே நான்கு சைக்கிளோடும் நின்றோம், என்ன செய்வதென்று தெரியாமல் வவுனியாக்காரன் ஒரு ரயருக்குக் காற்று அடித்தான். ஐந்து நிமிசத்தில் வந்தான். போனுக்கு ஒட்டுகிற கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தான், முந்நூறு ரூபா.

"உள்ள மாபிள் மாத்தல்ல," என்றான். "அதே பச்சை மாபிள்."

கடைக்காரரிடம் ஏதாவது சொன்னாயா என்று யாழ்ப்பாணத்தி கேட்டாள். இல்லை என்றான். என்னத்தைச் சொல்ல, அவர் வாடகைக்கு இருக்கிறவர், குருநாகல் ஆள். பக்கத்து பேக்கரியில் கிம்புலா பனிசும் பிளேன்ரீயும் குடித்தோம். பேக்கரி அம்மா அவனுடைய முகத்தை இரண்டு தரம் பார்த்தா. அடையாளம் கண்டாவா, வெயிலில் வந்த பிள்ளை என்று பார்த்தாவா, தெரியவில்லை. ஒரு பனிசுக்குக் காசு குறைவாக எடுத்தா.

திகனவுக்கு அப்பால் நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். முதல் தரம் பார்க்கிறபோது அது ஏரி மாதிரியே இருக்காது, மலைகளுக்கிடையில் யாரோ பச்சைத் தண்ணியை ஊற்றிவிட்டு மறந்து போனமாதிரி கைகள் கைகளாகப் போகும். தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர், முகில் இல்லாத விடியலில் மட்டும். அது 2010 இல் இருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிற காடு. கரைக்கு இறங்க ஆசைப்பட்டால் எல்லா இடத்திலும் முடியாது, ரஜவெல்லப் பக்கம் கோல்ஃப் மைதானமும் விடுமுறை வீடுகளும் வேலிகளும்.

விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் பிரித்தானிய உதவியோடு கட்டி 1985 ஏப்ரலில் திறந்த அணை. 122 மீட்டர் உயரம், இலங்கையில் இதைவிட உயரமான அணை இல்லை, மின்சாரம் 210 மெகாவாற். அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் பழைய தெல்தெனியா நகரம். நாங்கள் போனது இப்போதிருக்கிற தெல்தெனியாவுக்கு, ஊரை மேட்டுக்கு மாற்றிக் கட்டியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய ஊரின் சுவர்களும் வீதித் தடமும் வெளியே வரும். அந்த நேரம் பழைய குடிகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இது எங்கட கடை, இது எங்கட வளவு என்று காட்டுவார்களாம். இதை எங்களுக்குச் சொன்னவர் வீதியோரத்தில் தோடம்பழம் விற்ற ஒரு சீயா. நாங்கள் போனபோது மழை பெய்து முடிந்திருந்தது, தண்ணீர் நிறைய இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. காத்தான்குடிக்காரன் மட்டும் அவரிடம் நிறையக் கேட்டான். எத்தனை வருசத்துக்கு ஒருக்கா வெளிய வரும்? உங்கட வீடு எந்தப் பக்கம்? போனா அடையாளம் தெரியுமா? சீயா கையை நீட்டித் தண்ணீருக்குள் ஒரு இடத்தைக் காட்டினார். எங்களுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். ஞாயிறு விடியற்காலையில் வெளிக்கிடுங்கோ, எட்டரைக்குப் பிறகு மகியங்கனை வீதியில் தனியார் பஸ்கள் உங்களைக் கணக்கெடுக்காது. ஒற்றைக் கியர் சைக்கிளோடும் போகலாம், திரும்பி வரும்போது தென்னக்கும்புறவிலிருந்து வாவி வரைக்கும் உருட்டவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேர் உருட்டினோம். நான்காமவள் ஏறிப்போய் வாவிக்கரையில் எங்களுக்காக இருபது நிமிசம் காத்திருந்தாள். அணையைப் பார்ப்பதென்றால் தெல்தெனியா வழி வேண்டாம், தென்னக்கும்புறவில் பாலத்தைக் கடக்காமல் குருதெனிய, ஹாரகமப் பக்கம் போகவேண்டும். அதே வழியில் இன்னும் போனால் ரந்தெனிகல. அந்தப் பக்கம் யானை வரும், பின்னேரம் ஆகவிடாதீர்கள்.

அடுத்தது கலஹா வீதி. கம்பஸுக்குள்ளாலேயே போகிற வீதிதான், ஆனால் அது ஏறத் தொடங்கினால் நிற்காது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். டெயிலரைப் பற்றிப் பலகைகள் இருக்கின்றன, அந்தப் பத்தொன்பது ஏக்கரில் குழி வெட்டியவர்களைப் பற்றி என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும் என்கிறாள் புசல்லாவைக்காரி. அவளுடைய அப்பாயியின் சொந்தக்காரர் சிலர் அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார்கள், சோறு நிச்சயம். அவள் போன் எடுத்துச் சைக்கிளில் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். "சைக்கிள்லயா? நீயா?" என்று கேட்டார்களாம்.

போவதற்கு முன் லுமாலாவுக்கு பிறேக் கட்டை ஒரு சோடி வாங்கவேண்டும். யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கோ.